மாவு அலமாரியின் குண்டு பல்பு

எங்கள் மெஸ்ஸில் இன்று எல்லா விளக்கும் எல்.இ.டி.தான், ஒன்றைத் தவிர. கரண்டு பில் குறைந்திருக்கிறது. அடுப்படியில் தலைக்கு மேல் காய்ந்த சூடு குறைந்திருக்கிறது. அடிக்கடி ஃபியூஸ் போகும் தொல்லையும் விட்டது. இந்த நன்மைகளை நான் மறுக்கவில்லை. கொண்டுவந்த மனிதரைத்தான் மன்னிக்க முடியவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

அவர் என் நாத்தனாரின் கணவர், கடலூர்க்காரர். முறைக்கு எனக்கு அண்ணன், எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளை. யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றுவார், அடுத்த வேலையாக ஏதாவது ஒரு சுவிட்சை அணைப்பார். ஒரு மார்கழியில் சிதம்பரம் வந்தவர், நான் மார்க்கெட் போயிருந்த நேரத்தில் பெட்டி நிறைய பல்பு வாங்கிவந்து மெஸ் முழுக்க மாற்றிவிட்டார். மாவு அலமாரியையும் விட்டுவைக்கவில்லை.

மார்கழிக் குளிரில் இட்லி மாவு லேசில் புளிக்காது. அதற்காக ஒரு மர அலமாரியின் மேல்தட்டில் அறுபது வாட்ஸ் குண்டு பல்பு எரியும், கீழே மாவுக் குண்டான்கள் இருக்கும். கதவைச் சாத்தினால் உள்ளே சித்திரை மாதம். சூடு போய்விடும் என்று விடியும்வரை திறக்க மாட்டேன். அங்கே வெளிச்சம் யாருக்கும் வேண்டாம், சூடுதான் வேண்டும். எல்.இ.டி.யில் அதுதான் போதாது. அன்று மாவை உள்ளே வைத்துச் சாத்திவிட்டுத்தான் மார்க்கெட் போனேன்; திரும்பியபோது கதவிடுக்கில் வெளிச்சம் தெரிந்தது, பல்பு எரிகிறது என்று நானும் இருந்துவிட்டேன்.

மறுநாள் ஆருத்ரா தரிசனம். ஊர் கொள்ளாத கூட்டம். அலமாரியைத் திறந்தால், மாவு வைத்தது வைத்தபடி கிடக்கிறது. பல்பைத் தொட்டுப் பார்த்தேன், சூடு பேருக்குத்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் அதையே ஊற்றினோம். கோயிலிலிருந்து பசியோடு வந்தவர்கள் பாதியில் இலையை மூடிவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள்.

“ஏண்ணே, அலமாரி பல்பையுமா மாத்துனீங்க?” என்றேன்.

“மாவு என்ன புக்கு படிக்கவா போவுது? அதுக்கு எதுக்கு அறுபது வாட்ஸு?” என்றார். பிறகு சாப்பிட உட்கார்ந்திருந்தவர்கள் காதில் விழும்படி, “பல்புக்கும் மாவுக்கும் என்னம்மா சம்பந்தம்? மாவு பொங்கறது கைராசி. எங்க வீட்ல அவ கலந்தா வழிஞ்சு ஓடும். உனக்கு அந்தக் கை இல்ல, அவ்ளோதான்” என்றார்.

என் கணவர் கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். அப்புறம் உள்ளே வந்து, “அவுரு நம்ம வீட்டு மாப்ள, விடு” என்றார்.

நான் விடவில்லை. குண்டு பல்பை அன்றே திரும்ப மாட்டினேன், மாவும் பொங்கியது. ஆனால் அவர் சொன்ன சொல் ஊருக்குள் பரவிவிட்டது. உப்புப் போட்டு மாவைக் கையால் கலக்குகிற ஊரில், கைராசி இல்லை என்று ஒருத்திக்குப் பேர் வந்தால் அவள் கடை நடத்த முடியாது. நாத்தனார் போகிற விசேஷத்திலெல்லாம் அந்தக் கதையைச் சொன்னாள். எங்களிடம் மாவு வாங்கிய பெண்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். பொறுத்தார் பூமியாள்வார் என்பார்கள். எனக்குப் பூமி வேண்டாம், அந்த மனுஷன் வாயை அடைத்தால் போதும் என்று காத்திருந்தேன்.

மறுவருஷம் தை மாதம் கடலூரில் அவருடைய புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். காலை டிபனுக்கு இட்லி நம் வீட்டு ஆள் செய்தால்தான் கௌரவம் என்று நாத்தனார் கூப்பிட்டாள். “புது வீட்லயே மாவாட்டி வெக்கறேன், அதான் வீட்டுக்கு விசேஷம்” என்று முதல் நாளே போய்விட்டேன். பையில் துண்டு சுற்றிய குண்டு பல்பு ஒன்று இருந்தது. அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

மதியம் ஆட்டிய மாவைச் சமையல்கட்டின் சில்லிட்ட கிரானைட் மேடையில் வைத்தேன். கலந்தது நாத்தனாரின் ராசியான கை, நான்தான் கலக்கச் சொன்னேன். ராத்திரி எட்டு மணியாகியும் மாவு அசையவில்லை. கூடத்தில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். அவர் மூடியைத் திறந்து பார்த்தார், முகம் வெளுத்தது.

“என்னம்மா, பொங்கவே இல்ல?”

“அண்ணி கலந்த மாவுண்ணே. கைராசி எங்க போச்சுன்னு அவுங்களத்தான் கேக்கணும்.”

நாத்தனார் அவரைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்கு இனிக்கிறது. கடைசியில் அவர் குண்டானை மூடிவிட்டு, “கையில ஒண்ணும் இல்ல. குளிருதான். சூடு வேணும்” என்றார், எல்லோர் முன்னாலும்.

நான் பையிலிருந்து பல்பை எடுத்து நீட்டினேன். ஆனால் அந்த வீட்டில் அதை மாட்ட ஒரு ஹோல்டர்கூட இல்லை. எல்லாம் சீலிங்குக்குள் புதைத்த எல்.இ.டி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய், ஹோல்டரும் ஒயரும் வாங்கிவந்து, புது அலமாரிக்குள் அவரே மாட்டினார். குண்டானை உள்ளே வைத்தேன். ஒரு சின்னத் தூக்குவாளியில் கொஞ்சம் மாவை எடுத்து, கிரானைட் மேடையிலேயே விட்டேன்.

விடிந்ததும் இட்லி பூப்போல வந்தது. பந்தியில் எல்லோரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளை இலைக்கு மட்டும் நானே பரிமாறினேன், தூக்கு மாவில் தனியாக ஊற்றியதை. பிட்டுப் பார்த்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பக்கத்தில் அவருடைய சம்பந்தி உட்கார்ந்திருந்ததால் மென்று விழுங்கினார்.

குனிந்து மெதுவாகக் கேட்டேன்: “இன்னொண்ணு வெக்கட்டுமாண்ணே?”

வைத்தேன். அதையும் தின்றார்.