மூன்று டின் அரிசி

விஜயரட்ணத்துக்கு ஐந்து மொழிகள் தெரியும். தஞ்சோங் கிளிங் மீனவர்களோடு அவர் மலாய் பேசினால், வலையில் கிடக்கும் மீன்கள் துடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்கும். சத்தியமாக, நானே பார்த்தேன். ஜப்பான்காரன் காலத்தில் அவன் மொழியையும் மூன்றே மாதத்தில் விழுங்கினார். எண்கள்தான் தொண்டையில் இறங்கவில்லை.

“கணக்கு வராதவனுக்கு ஆரடா உத்தியோகம் குடுப்பான்?” என்று ரயில்வே கிளார்க்கான அப்பா தலையில் அடித்துக்கொள்வார்.

காட்டுக்குள்ளிருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் கொடுத்தது. ஜாசின் பக்கம் ஒரு காவல் நிலையத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை. வாய் மட்டும் போதும்.

ஐம்பத்தொன்றில், நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து பால்வெட்டுகிற தம்புசாமியைப் பிடித்து வந்தார்கள். குடியிருப்பைச் சுற்றிப் போட்ட முள்வேலிக்கு வெளியே உணவு கொண்டுபோகக் கூடாது, காட்டிலிருப்பவர்களுக்குப் போய்ச் சேரும் என்பது சட்டம். மகள் காய்ச்சலிலிருந்து பிழைத்தாள் என்று, முனியாண்டிக்குப் பொங்கல் வைக்க அவர் துணியில் அரிசி முடிந்துகொண்டு போயிருந்தார். வேலி போட்டபோது முனியாண்டி அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். காவலர்கள் அரிசியைச் சேற்றில் கொட்டிவிட்டதால், எவ்வளவு என்பதற்குத் தம்புசாமியின் வாயே சாட்சி.

“மூணே மூணு பால் டின்னுங்க ஐயா. ரெண்டு டின்னு ஒரு கட்டி. சாமிக்குத்தான்லா, வேற யாருக்கு?”

“எத்தனை கட்டி?” என்றார் வெள்ளைக்கார அதிகாரி. ஒரு கட்டி என்பது அறுநூறு கிராம் எடை. இரண்டு கட்டிக்குள் இருந்தால் எச்சரிக்கை. மிஞ்சினால் தடுப்பு முகாம், பிறகு இந்தியாவுக்குக் கப்பல்.

விஜயரட்ணம் விரல் விட்டுப் பார்த்தார். வகுப்பதா, பெருக்குவதா?

“ஆறு,” என்றார் அழகான ஆங்கிலத்தில்.

விஜயரட்ணம் வெளியே வந்தபோது வாசலில் தம்புசாமியின் மனைவி பெத்தம்மாள் நின்றாள். “ஒன்றரைக் கட்டிக்கு முகாமுங்களா ஐயா?”

அவர் உள்ளே ஓடினார். தவறு தன்னுடையது என்றார். அதிகாரி நிமிரவில்லை.

“கையெழுத்துப் போட்டாயிற்று. கைதிக்காகப் பேச்சை மாற்றுகிறவரை நான் எப்படி நம்புவது?”

மறுவாரம் அவருக்கு வேலை போனது. மூன்று மாதத்தில் தம்புசாமி கப்பலேறினார். பெத்தம்மாளும் மகளும் தோட்டத்திலேயே தங்கிவிட்டார்கள்.

அதன்பிறகு விஜயரட்ணம், தம்புசாமியைத் திரும்ப வரவிடச் சொல்லி அரசாங்கத்துக்கு மாதந்தோறும் மனு எழுதினார், ஆங்கிலத்தில் ஒன்று, மலாயில் ஒன்று. முதல் வரியிலேயே ‘ஒன்றரைக் கட்டி’ என்று எழுத்தால் எழுதி அடிக்கோடிடுவார். சம்பள நாளில் பெத்தம்மாள் பஸ் ஏறி வந்து கேட்பாள்.

“பதிலு வந்துச்சுங்களா ஐயா?”

ஐந்து மொழி தெரிந்தவர் இல்லையென்று வெறுமனே தலையை ஆட்டுவார். அவள் அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போவாள்.