அக்காவின் கோபத்தைக் கேட்ட முகாம்

கல்குவாரி லாரிகள் எங்கள் தெரு வழியாகப் போகக்கூடாது என்று நாங்கள் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தோம். கல் எறியவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. போலீஸ் வந்து குண்டுக்கட்டாகத் தூக்கி வேனில் போட்டது. முன்வரிசையில் இருந்த என் பக்கத்து வீட்டு அக்காவை முடியைப் பிடித்து இழுத்தார்கள். நான் கடைசி வரிசை, தானாகவே ஏறிவிட்டேன். பள்ளிக்கூட டீச்சர் அல்லவா, வேலை போய்விடக்கூடாதே என்ற ஞானம்.

அதற்குப் பிறகு லாரிச் சத்தம் கேட்டாலே அக்காவுக்குக் கை நடுங்கும். கையில் இருப்பது கீழே விழும்.

இதைக் கேள்விப்பட்டு வெளியூர்க் குழு ஒன்று எங்கள் இருவரையும் கன்னியாகுமரிக்கு அழைத்தது. அறப்போராளிகளின் மனக்காயத்தை ஆற்றும் முகாமாம். மூன்று நாள், கடலைப் பார்த்த ஏசி லாட்ஜ். நடத்தியவர் கதர் ஜிப்பா போட்டிருந்தார். ஒருநாளும் போலீஸ் வேனில் ஏறாதவர். "நான் மோதலைக் கடந்தவன்" என்று அதையே பெருமையாகச் சொன்னார். சாப்பாட்டில் மீன் கிடையாது. மீன் மனதைக் கலக்குமாம். கன்னியாகுமரியில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும்.

இரண்டாம் நாள் எல்லோரையும் பாயில் படுக்கவைத்தார். "உங்களை இழுத்த போலீஸ்காரரைக் குழந்தையாக நினையுங்கள். அன்பின் ஒளியை அனுப்புங்கள்."

நான் அனுப்பினேன். என்னை யாரும் இழுக்கவில்லை என்பதால் சுலபமாகப் போயிற்று. கண்ணீர்கூட வந்தது. அதைப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "சாரே, அவனுக்கு நாப்பது வயசிருக்கும். பெரிய மீசை வேற. எப்பிடி பிள்ளைன்னு நினைக்கியது?"

"கோபத்தை விடுங்கம்மா. அதுதான் உங்களை நடுங்கவைக்குது."

"எனக்க கோவத்த மட்டும் கேக்காதீரும். அது இல்லேன்னா நான் ரோட்டுல போய் இருந்திருக்கவே மாட்டேன்."

அவர் புன்னகைத்தபடி நோட்டில் ஏதோ எழுதினார். அக்கா பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். நான் மூன்றாம் நாளும் இருந்து சான்றிதழ் வாங்கினேன்.

ஊர் திரும்பியபோது அக்கா மறுபடி ரோட்டில் இருந்தாள். அவள் அய்யாவழிக்காரி. நெற்றியில் நாமம் இட்டு, அவர்கள் வழிபாட்டிடமான நிழல்தாங்கலில் மதியம் படிக்கும் உச்சிப்படிப்பை லாரி வரும் வழியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு லாரி உறுமிக்கொண்டு நின்றது. அவள் கை நடுங்கியது, குரலும் நடுங்கியது. படிப்பு மட்டும் நிற்கவில்லை.

முடித்ததும் கேட்டேன், "இப்பவும் நடுங்குதே அக்கா?"

"நடுங்கட்டு டீச்சரே. நடுங்குதவ ரோட்டுல இருக்கக் கூடாதுன்னு சட்டமா? என்ன வேடிக்க பாக்கியள், வந்து இருங்க."

வெட்கத்தில்தான் உட்கார்ந்தேன், வீரத்தில் அல்ல. மறுநாள் நாலு பேர் வந்தார்கள், பிறகு மற்றவர்களும். மாதம் ஒன்று கழிந்து, லாரிகளை அடுத்த ஊர் வழியாகத் திருப்பிவிட்டார்கள். எங்கள் தெரு வெடி போட்டுக் கொண்டாடியது. அடுத்த ஊரிலும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது அக்கா ஒருத்திக்குத்தான் தோன்றியது. மறுநாளே குடையோடு அங்கே போனாள். "இவளுக்கு வேற வேலை இல்லியா?" என்றார்கள், வெடி போட்டவர்கள்.

சனி, ஞாயிறுகளில் நானும் போகிறேன். மற்ற நாட்களில் அவள் தனியாகப் போகிறாள்.