மகள் மொழிபெயர்த்த கூட்டம்

நான் படிப்பில பெரிய ஆளில்லை, சந்தேகப்படுறதில மட்டும் பட்டம் வாங்கினவன். ஒஸ்லோவுக்கு வந்து கனகாலம். நான் அவையின்ரை மொழி, நோர்ஸ்க், கதைக்கத் தொடங்கினால் நோர்வேக்காரர் உடனை இங்கிலீசுக்கு மாறிவிடுவினம்.

பதினைஞ்சு வயசு மகள் வகுப்புப் பெடியன் ஒருத்தனுக்கு அடிச்சுப்போட்டாள் எண்டு பள்ளிக்கூடம் கூப்பிட்டது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணுமோ எண்டு கேட்டினம். தமிழ் ஆள் எண்டால் கதை எனக்கு முன்னம் கோயிலுக்குப் போயிடும் எண்டு பயந்து, மகளையே மொழிபெயர்க்க விட்டன்.

ரீச்சர் கனநேரம் கதைச்சா. மகள் சொன்னாள், "ஓம் எண்டு சொல்லுங்கோ அப்பா, காணும்."

"அவ அவ்வளவு கதைச்சவ, உனக்கு ரெண்டு சொல்லோ?"

"நோர்ஸ்க் அப்பிடித்தான் அப்பா."

ஏதோ கள்ளம் இருக்கெண்டு விளங்கிச்சு. ரீச்சரிட்டை மொழிபெயர்ப்பாளரைப் போனில எடுக்கச் சொன்னன்.

"ஐயா, மகளை இஞ்சையிருந்து எடுத்து, அடிதடிப்படுற பிள்ளையளுக்கான பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சம்மதமோ எண்டு கேக்கினம். ஏன் அடிச்சவ எண்டு அவ இன்னும் சொல்லேல்லையாம்."

நான் மகளைப் பாத்தன்.

"நீங்கள் நோர்ஸ்க் கதைக்கிற மாதிரி அவன் ஒவ்வொரு நாளும் கதைச்சுக் காட்டுறவன்," எண்டாள். "அது உங்களுக்குத் தெரியவேண்டாம் எண்டுதான், பேசாமல் அந்தப் பள்ளிக்கூடத்துக்கே போயிடுவம் எண்டு நினைச்சனான்."

"வீட்டில நானே அப்பிடிக் கதைச்சுக் காட்டுறனான் தானே, பிள்ளை."

"நீங்கள் செய்யலாம். அவன் செய்யக்கூடாது."

அதையும் மொழிபெயர்ப்பாளர் ரீச்சருக்குச் சொன்னார். பிறகு அந்தப் பெடியனையும் கூப்பிட்டினம்; மகள் அடிச்சதுக்கு மன்னிப்புக் கேட்டாள், அவன் நக்கலடிச்சதுக்குக் கேட்டான். அவள் அதே பள்ளிக்கூடத்திலதான் படிக்கிறாள்.

இப்ப எந்தக் கூட்டமெண்டாலும் மொழிபெயர்ப்பாளர் வேணும் எண்டு நான்தான் முதல் கேக்கிறன். மகள் பக்கத்தில மகளா மட்டும் இருக்கிறாள்.