கறகறவா, வீய்ங்கா?

அத்தைக்கு எல்லாச் சத்தமும் கறகறதான். வயிறு சரியில்லை என்றாலும் கறகற, அப்பாவின் குறட்டையும் கறகற, பக்கத்து வீட்டு மிக்ஸியும் கறகற. தன் லாரிக்குத் தன் கையாலேயே, இன்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார் புதிதாக மாட்டிவிட்டு, சாவியைத் திருப்பும்போதெல்லாம் ஏதோ சத்தம் வருகிறது என்று வண்டி எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தபோதும் அதையேதான் சொன்னாள்.

"கறகறங்குது தம்பி."

"கறகறன்னா பல்லு போச்சுக்கா," என்றார் அவர். "மோட்டார் பல்லு போய்க் கடிக்கிற பெரிய சக்கரம் இருக்கில்ல, அதுல தேஞ்சிருக்கும். கியர்பாக்ஸ இறக்கித்தான் பாக்கணும். இந்த வயசான வண்டிக்கு இதெல்லாம் தேவையாக்கா?"

அந்தக் கடைசிக் கேள்வியை அப்பா இறுகப் பிடித்துக்கொண்டார். அப்பா அத்தைக்குத் தம்பி. கியர்பாக்ஸை இறக்க வேண்டிய நாள் வந்தால் வண்டியை விற்றுவிடுவேன் என்று அத்தை எப்போதோ வாய்விட்டிருந்தாள். சொன்ன சொல்லை மாற்றுகிறவள் இல்லை அவள். அது தெரிந்துதான் அப்பா ஒரு பழைய வண்டி வியாபாரியிடம் பேசி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லிவிட்டார்.

"போதும்க்கா. இந்த வயசுல வண்டிக்கு அடியில போய்ப் படுக்கிற. இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

அத்தை சாவியை எடுத்துக்கொண்டு அன்றைய வேலைக்குக் கிளம்பினாள்.

வீடு மாற்றித் தருவது அத்தையின் தொழில். ஆரம்பத்தில் அந்த லாரியில் சாமான் ஏற்றி இறக்கும் ஆளாகத்தான் சேர்ந்தாள். ஒரு நாள் டிரைவர் வரவில்லை. ஒரு குடும்பத்தின் கட்டிலும் மெத்தையும் தெருவில் கிடக்க, மேகம் திரண்டுகொண்டு வந்தது. அத்தை டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு இறங்கவே இல்லை என்று இப்போதும் சிரிப்பாள். முதலாளி தொழிலை விட்டபோது வண்டி இவளிடம் வந்தது. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும்: "ஊருக்கே வீடு மாத்தித் தர்றவளுக்கு, போய் உக்கார இன்னொரு வீடு எதுக்கு?"

அவளிடம் ஒரு துணிப்பை உண்டு. அதில் மரச் சில், தகரத் துண்டு, பழைய செருப்பின் ரப்பர், மடித்த அட்டை என்று கண்டதும் கிடக்கும். சாமான்களை இறக்கி வைத்ததும் மற்றவர்கள் கிளம்பிவிடுவார்கள். அத்தை மட்டும் பீரோவை ஒரு விரலால் தள்ளிப் பார்ப்பாள், மேசையை அசைத்துப் பார்ப்பாள். ஆடினால் பையைத் திறந்து, பொருத்தமான துண்டைத் தேடி எடுத்துக் காலுக்கடியில் முட்டுக் கொடுப்பாள். "ஆட்டம் நிக்காம நான் எறங்க மாட்டேன்" என்பாள். ஒரு வீட்டில் பீரோ ஆடவில்லை, தரைதான் ஆடுகிறது என்று கண்டுபிடித்து வீட்டுக்காரரோடு சண்டை போட்டதும் உண்டு.

படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நான் அந்த மாதங்களில் அவளோடு போய்வந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். லாரியில் எனக்குக் கிடைத்த வேலை, பெட்டிகளின் மேல் உள்ளே இருப்பதை எழுதுவது. நேர்காணல்களில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பார்கள்; எனக்கு வாய் அடைத்துக்கொள்ளும். பெட்டியென்றால் திறந்து பார்த்து எழுதிவிடலாம்.

சத்தம் வந்ததிலிருந்து அத்தை இன்ஜினை அணைப்பதை விட்டுவிட்டாள். சாமான் ஏற்றும்போதும் ஓடும், இறக்கும்போதும் ஓடும். திரும்பச் சாவியைத் திருப்ப வேண்டுமே என்ற பயம். புகை பொறுக்காமல் ஒரு பெரியவர் ஜன்னலைத் திறந்து, "ஏம்மா, வண்டிய வீட்டுக்குள்ளயே கொண்டுவந்து நிறுத்திடேன்" என்றுகூடக் கேட்டுவிட்டார்.

ஞாயிறு காலை எலக்ட்ரீஷியனே வந்தார். விற்பதற்கு முன் ஒரு தடவை நேரில் பார்த்துவிடு என்று அத்தை கூப்பிட்டிருந்தாள்.

"சரி, ஸ்டார்ட் பண்ணுக்கா."

அத்தை சாவியைத் திருப்பினாள். இன்ஜின் உடனே பிடித்தது. கூடவே அந்தச் சத்தமும் வந்து அடங்கியது. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"கேட்டியா தம்பி, கறகறன்னு?"

"கறகறவா இது?" என்றேன் நான். "வீய்ங்னு இல்ல கேக்குது?"

"வந்துட்டாடா பட்டதாரி. எல்லாம் ஒண்ணுதான் போடி."

"அதெப்படி அத்தை ஒண்ணாகும்? கறகறன்னா எதையோ போட்டு அரைக்கணும். இது கொசு காதுக்குள்ள புகுந்த மாதிரி இழுத்துக்கிட்டே போகுது. வீய்ய்ங்."

"கொசு உன் காதுலதான் பூந்திருக்கு!"

எலக்ட்ரீஷியன் சிரிக்கவில்லை. இன்ஜினை அணைக்கச் சொன்னார். "இரும்மா. உன் வீய்ங் எப்ப வருது? மோட்டார் இன்ஜினைச் சுத்தும்போதா, இன்ஜின் பிடிச்ச பிறகா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது. "இன்னொரு தடவை போடு அத்தை," என்று கண்ணை மூடிக்கொண்டேன். முதலில் மோட்டார் சுற்றியது, சாதாரணமாக. பிறகு இன்ஜின் பிடித்தது. அத்தை சாவியிலிருந்து கையை எடுத்த அந்த நொடியில்தான் வீய்ங் வந்தது.

"பிடிச்ச பிறகு. சாவிய விடும்போது."

"அதான் எனக்கும் கேட்டுச்சு," என்றார் அவர். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் புகுந்தார். இன்ஜினைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றச் சொல்லிப் பெரிய சக்கரத்தின் பற்களை ஒரு சுற்று முழுக்கப் பார்த்தார். அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"பல்லு ஒண்ணுகூடப் போகலக்கா! போன்ல நீ கறகறன்னதும் நானும் கண்ண மூடிக்கிட்டுச் சொல்லிட்டேன்."

"பின்ன என்னதான்டா அது?"

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். மோட்டாரின் சின்னப் பல்சக்கரம் முன்னால் போய்ப் பெரிய சக்கரத்தைக் கடித்துச் சுற்றிவிட்டு, இன்ஜின் பிடித்ததும் பின்னால் வந்துவிட வேண்டும். மோட்டார் ரொம்ப நெருங்கி உட்கார்ந்தால் இரண்டு பல்லும் இறுகிக்கொள்ளும். விடமாட்டேன் என்று இழுபடும்போது வருவதுதான் இந்தச் சத்தம்.

"இந்த வண்டியில மோட்டாருக்கும் இன்ஜின் உடம்புக்கும் நடுவுல ஒரு மெல்லிசுத் தகடு இருக்கும்க்கா. ரெண்டு போல்ட் ஓட்டையோட, அரைவட்டமா. பழசக் கழட்டும்போது பாத்தியா?"

அத்தையின் கை தானாகத் துணிப்பைக்குப் போனது. எனக்குப் புரிந்துவிட்டது. தரையில் ஒரு மெல்லிய தகடு கிடந்தால் அத்தையின் கண்ணுக்கு அது வண்டியின் பாகமாகத் தெரியாது. எந்த வீட்டிலோ ஆடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு காலுக்கான முட்டாகத்தான் தெரியும்.

பையைக் கவிழ்த்துத் தேடினோம். இல்லை.

"எங்க வெச்சேன்..." என்று நெற்றியைத் தட்டிக்கொண்டவள் அப்படியே நின்றாள். "ஐயோ, தையக்காரம்மா! அன்னைக்கு வீடு மாத்திக் குடுத்தோமே, அவ மெஷின் காலுக்கு வெச்சுட்டேன்!"

"வேற ஒண்ணு வெட்டிக்க முடியாதா?" என்று கேட்டேன்.

"வெட்டலாம்மா. ஆனா கனம் தெரியாம வெட்டினா இந்தச் சத்தம் போய் வேற சத்தம் வரும். சாயங்காலம் ஆள் வர்றாருங்கறீங்க."

தையற்காரம்மாவின் புது வீடு மூன்றாவது தெருவில் இருந்தது. நடந்தே போனோம். முன்னறையில் அவர் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். அதன் பின்பக்கக் காலுக்கடியில், கிரீஸ் கறையோடு, அரைவட்டமாக எங்கள் தகடு. அத்தை விஷயத்தைச் சொன்னதும் அவர் மிதியிலிருந்து காலை எடுக்காமலே பேசினார்.

"அதெல்லாம் முடியாது. இது வந்தப்புறம்தான் என் தையல் நேரா ஓடுது. பழைய வீட்டுல மெஷின் நடந்து நடந்து சமையலறைக்கே போயிடும்."

"என் லாரிக்குள்ள இருந்த சாமான்டி இது!"

"குடுக்கும்போது அப்படியா சொன்ன? ஆட்டம் நிக்காம எறங்க மாட்டேன்னு பெரிசாச் சொன்னியே. இப்ப ஆட்டத்த விட்டுட்டுப் போறியா?"

அத்தைக்கு வேறு எந்தப் பேச்சும் உறைத்திருக்காது. "சாயங்காலத்துக்குள்ள இத விட நல்லதா ஒண்ணு கொண்டாந்து வெக்கிறேன். வெக்கலன்னா என் வண்டியில நீயே ஏறி உக்காந்துக்க."

தையற்காரம்மா சிரித்துவிட்டார். மெஷினை நாங்கள் தூக்கிப் பிடிக்க, அவரே குனிந்து தகட்டை எடுத்து, முந்தானையால் துடைத்துக் கொடுத்தார்.

எலக்ட்ரீஷியன் மோட்டாரை இறக்கி, தகட்டை நடுவில் வைத்து மறுபடி முடுக்கினார். பேட்டரி வயரை மாட்டிவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் அப்பாவும் வியாபாரியும் நின்றிருந்தார்கள். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

அத்தை யாரையும் பார்க்காமல் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். மோட்டார் சுற்றியது, இன்ஜின் பிடித்தது, அவள் கையை எடுத்தாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அணைத்தாள், மறுபடி போட்டாள், மறுபடி அணைத்தாள். குழந்தை புது விசிலை ஊதிப் பார்ப்பதுபோல.

"ஏதோ சத்தம் வருதுன்னீங்க?" என்றார் வியாபாரி.

"வந்துச்சுங்க. நீங்க கொஞ்சம் லேட்டு," என்றாள் அத்தை. "கியர்பாக்ஸ இறக்கற நாள்ல கண்டிப்பா கூப்பிடறேன்."

வியாபாரி சிரித்துக்கொண்டே அப்பாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அப்பா வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். கோபமா நிம்மதியா என்று அவர் முகத்தில் எழுதியிருக்கவில்லை. "அடுத்த தடவை அடியில நான் படுக்கறேன். நீ மேல நின்னு சொல்லு," என்றார் கடைசியில்.

"நீ படுத்தா கறகறன்னு குறட்டதான்டா வரும்."

அந்தச் சாயங்காலமே அத்தையும் நானும் வண்டியில் கிளம்பினோம். என் மடியில் அவள் இழைத்து எடுத்த ஒரு மரத்துண்டு இருந்தது. தையற்காரம்மாவின் வாசலில் வண்டி நின்றது. நான் கதவைத் திறந்து இறங்கப் போனேன்.

"இருடி," என்றாள் அத்தை.

சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள். தெரு சட்டென்று அமைதியானது. உள்ளேயிருந்து தையல் மெஷின் தடதடவென்று ஆடும் சத்தம் கேட்டது.

"இது என்ன சத்தம், பட்டதாரி?"

"தடதட."

"ஆமா, தடதடதான்," என்று சொல்லிவிட்டு, மரத்துண்டை வாங்கிக்கொண்டு இறங்கினாள்.