இறக்கத்தில் செல்வி பேசினாள்

மாரித் தாயை நம்பி வாழும் என் சொந்தங்களே, என் வீட்டில் நடந்த ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும்.

நான் ஹேவாஹெட்டப் பக்கத்திலிருந்து கண்டிச் சந்தைக்கு மரக்கறி ஏற்றும் லொறி டிரைவர். போன ஐப்பசி மழையில் எங்கள் ஒரே மகள் தனுஷா காய்ச்சலில் போய்விட்டாள். நான்கு வயது. என்னென்னவோ செய்தோம். ஒன்றும் கைகொடுக்கவில்லை.

அன்றிலிருந்து என் மனைவி செல்வி பேசவில்லை. அழவும் இல்லை. சோறு போட்டுக் கொடுத்தால் சாப்பிடுவாள். கேட்டால் தலையை ஆட்டுவாள். டாக்டரிடம் காட்டினேன், மந்திரித்தும் பார்த்தேன். "அவளத் தனியா வுட்டுட்டுப் போகாதீங்க தம்பி, எனக்குப் பயமா இருக்கு" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். வேலையை விடவும் முடியாது. அதனால் லொறியில் என் பக்கத்திலேயே உட்கார வைத்துக் கூட்டிப் போவேன். அவள் வெளியே பார்த்தபடி வருவாள். வீட்டில் ஒரு சாவு, வண்டியில் ஒரு சாவு என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் பாதையில் இறக்கம் தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன மாரியம்மன் கோயில் இருக்கிறது. அங்கே நிறுத்திக் கும்பிடாமல் டிரைவர்கள் இறங்க மாட்டோம். நின்ற வண்டியை முதல் கியரில் எடுத்து, இரண்டாவதைப் போட்டு, அப்படியே அடிவாரம் வரை போவோம். எஞ்சின் கத்திக்கொண்டே வரும். அதுதான் பாரத்தைப் பிடித்து நிறுத்தும், பிரேக்குக்கு அதிகம் வேலை இருக்காது.

அந்தக் கோயிலில் நான் தினமும் கேட்டது ஒன்றுதான். "தாயே, அவ ஒரு வார்த்த பேசணும்." மாதக்கணக்கில் கேட்டேன். பிறகு மனம் விட்டுப்போயிற்று. கை மட்டும் பழக்கத்தில் கும்பிட்டது.

அப்போதுதான் முதலாளி கிளட்ச் இல்லாத ஓட்டோ கியர் லொறி ஒன்று வாங்கித் தந்தார். முழுப் பாரத்தோடு அதில் முதல் பயணம். மேலே லீக்ஸும் கோவா என்கிற முட்டைக்கோசும். வழக்கம்போலக் கோயிலில் நிறுத்தினேன், கும்பிட்டேன், கிளப்பினேன். வண்டி தானாகவே சின்ன கியரில்தான் கிளம்பியது. சரி, இனி அடிவாரம் வரை இப்படியே போகும் என்று இருந்துவிட்டேன். இறங்க இறங்க அது தானாகவே பெரிய கியருக்கு மாறிக்கொண்டு போகும் என்பது என் மண்டையில் உறைக்கவில்லை. வேகம் கூடும்போதெல்லாம் பிரேக்கை மிதித்தேன். மிதித்துக்கொண்டே இருந்தேன்.

"ஏங்க."

யார் கூப்பிட்டது என்று முதலில் புரியவில்லை.

"ஏங்க, எஞ்சின் கத்தவே இல்லியே? எறக்கத்துல கத்திக்கிட்டுதானே வரும்?"

செல்வி என்னைப் பார்த்துக் கேட்டாள். அந்த நேரம்தான் கருகல் வாடை மூக்கில் ஏறியது. பிரேக்கை மிதித்தேன். கால் தரைவரை போனது. ஒன்றும் பிடிக்கவில்லை.

கையால் கியரைக் குறைக்கப் பார்த்தேன். வேகம் அதிகம் என்று வண்டி கியரை எடுக்க மறுத்து, பீப் பீப் என்று கத்தியது. இடது பக்கம் பள்ளம். "தாயே, பேச வச்சுட்டுக் கொண்டுபோயிராத" என்று சத்தம் போட்டேன். வலது பக்கம் மலை. ஸ்டியரிங்கை ஒடித்து லொறியை மண்மேட்டோடு உரச விட்டேன். கண்ணாடி உடைந்தது. கோவாக்கள் ரோட்டில் உருண்டன. வேகம் கொஞ்சம் அடங்கியது. மறுபடி கியரைக் குறைத்தேன். விழுந்தது. இன்னொன்று. அதுவும் விழுந்தது. எஞ்சின் அலறியது. லொறி முக்கி முனகி, மலையோர வடிகால் கானுக்குள் சக்கரம் இறங்கி நின்றது. எதிரே ஒரு வண்டியும் வராதது தாயின் கருணை.

எஞ்சினை நிறுத்தினேன். அலறல் மட்டும் நிற்கவில்லை. செல்வி அழுதுகொண்டிருந்தாள். மகள் போன அன்று அழ வேண்டிய அழுகை அது. மழைத் தூறலில் ரோட்டோரம் உட்கார்ந்து நானும் அழுதேன்.

சொந்தங்களே, எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வீடு இன்னும் இருண்டுதான் கிடக்கிறது. மகளைத் தா என்று அம்மாவிடம் கேட்டேன், தரவில்லை. அது ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. செல்வியைத் தா என்று கேட்டேன், தந்தாள். இப்போது கையால் மட்டும் கும்பிடுவதில்லை, மனதோடு கும்பிடுகிறேன். வாய் கசந்துபோன பிறகும் நீங்கள் கேளுங்கள். அவள் காதில் விழும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செல்வி கேட்டாள்: "பாப்பாவ எங்கங்க வச்சீங்க?"

எங்களில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. பாப்பாவைப் புதைத்த இடத்தை அவள் பார்த்ததே இல்லை. ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். மகளோடு அவள் வெகுநேரம் பேசினாள்.