முன்மாதிரிச் சலூன்

எங்கள் அக்கா புருஷனுக்கு ஊர் வைத்த பெயர் ‘ஒத்தை நாற்காலி’. அவருடைய சலூனில் இருப்பது ஒரே நாற்காலி. ஒரு தலை முடிந்தால்தான் அடுத்த தலை. கத்திரியும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும். அந்தப் பேச்சுக்காகவே வழுக்கைத் தலைகளும் வந்து பெஞ்சில் உட்காரும். அந்தக் கூட்டத்தை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

தானுண்டு தன் வேலையுண்டு என்றிருந்த மனுஷனை மண்டல வளர்ச்சி அலுவலகம் கண்டுபிடித்துத் தொலைத்தது. இனி இந்தப் பகுதி முன்னேறப்போவது ஆலைகளால் அல்ல, சேவைத் துறையால்தான் என்று மேலிடம் கொள்கை வகுத்துவிட்டதாம். கொள்கைக்கு ஒரு முன்மாதிரி வேண்டுமே? வெயில் படாமல் நடந்து போகும் தூரத்தில் மாமாவின் கடை இருந்தது. வேறு தகுதி எதையும் யாரும் கேட்கவில்லை.

வாசலில் ‘முன்மாதிரிச் சேவை நிறுவனம்’ என்று பலகை ஏறியது. பின்னாலேயே ஆய்வுக் குழுக்கள் வந்தன. பெரிய அதிகாரி நாற்காலியில் உட்காருவார், மற்றவர்கள் பெஞ்சில்.

“இங்க எத்தனை பேருக்கு வேலை கிடைச்சிருக்கு?”

“எனக்குத்தாங்க.”

“பிரமாதம்!”

முடி வெட்ட வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு எதிர்க் கடைக்குப் போனார்கள். அது மாமாவின் பழைய கூட்டாளியின் கடை. கடைசியில் வழுக்கைத் தலைகளும் போய்விட்டன. மாமாவோ மேடை மேடையாக ஏறிச் சேவைத் துறையைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தார். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கைதட்டலை அள்ளிட்டு வந்து உலையில போடவா?”

“விடும்மா, பெரிய ஆளுங்க சகவாசம். நாளைக்கு உதவும்.”

தலைமை இயக்குநர் வருகிறார் என்று தகவல் வந்த அன்று, அக்கா மாமாவின் பரட்டைத் தலையைப் பார்த்துத் தன் தலையில் அடித்துக்கொண்டாள். தன் தலையைத் தானே வெட்டிக்கொள்ள முடியாது. எப்போதும் கூட்டாளிக்கு இவர், இவருக்குக் கூட்டாளி. எதிர்க் கடைக்கு நானும் கூடப் போனேன். உள்ளே மாமாவின் பழைய வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

“வாங்க ஒத்தை நாற்காலி! உங்களுக்கு முன்னாடி மூணு பேரு” என்று ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். மாமாவின் முகம் செத்துப்போனது.

மாமாவுக்குப் பாதித் தலை வெட்டியிருந்தபோது தெருவில் கார்கள் நின்றன. இயக்குநர் முன்மாதிரிக் கடையை எட்டிப் பார்த்தார். ஈ காக்கை இல்லை. எதிரே திரும்பிப் பார்த்தார்.

“அடேயப்பா, என்ன கூட்டம்! இதுல்ல வளர்ச்சி! அந்தப் பலகையைக் கழட்டி இங்க மாட்டுங்க.”

அடுத்த நிமிஷம் அதிகாரிகள் அத்தனை பேரும் கூட்டாளியின் கடைக்குள். ஓர் அதிகாரி மாமாவின் தோளைத் தட்டினார்.

“கொஞ்சம் எந்திரிங்க. ஐயா உக்காரணும்.”

கூட்டாளிக்கு வாயெல்லாம் பல். மாமா அவன் காதைக் கடித்தார். “வேணாம்டா. சொன்னாக் கேளு.”

“என்ன, வயித்தெரிச்சலா?”

மாமா கழுத்தில் கட்டிய துணியோடு தெருவைக் கடந்தார். பெஞ்சிலிருந்தவர்கள் நாற்காலியில் சாய்ந்த இயக்குநரைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து மாமாவின் பின்னால் நடந்தார்கள்.

இருட்டும்வரை மாமாவுக்கு நிமிர நேரமில்லை. வாயும் திரும்ப ஓடத் தொடங்கியது. அவருடைய மீதித் தலையை வெட்டத்தான் ஆளில்லை. கூட்டாளி தன் கடையில், நாற்காலிக்குப் பக்கத்தில் கைகட்டி நின்று, எத்தனை பேருக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.