கல்லாய் இறுகிய சீமெந்து

வீடு கட்டப்போகும் வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் சமையல் குசினி வாசலுக்கு மேல் கொங்கிரீட் தட்டுப் போட ஒரு கொந்தராத்துக்காரரைப் பிடித்தோம். கொழும்பில் மாளிகைகள் கட்டியதாகச் சொல்லிக்கொள்ளும் மனிதர். அவர் கொண்டுவந்த பீப்பாயில் சீமெந்து ஈரம் பட்டுக் கல்லாய் இறுகியிருந்தது. அதை உலக்கையால் இடிக்கச் சொன்னார்.

“மாவா இருக்க வேண்டியது இப்படிக் கட்டியா இருக்கே?” என்று என் மனைவி கேட்டாள்.

“சீமைச் சரக்கும்மா. கட்டியா இருந்தாத்தான் பலம். பொம்பளைங்களுக்கு இது வெளங்காது” என்றார்.

தட்டுப் போட்டுச் சில வாரங்களில், அதைத் தாங்கிநின்ற முட்டுகளைக் கழற்றியவர், பலத்தைக் காட்டுவதாகத் தட்டின் மேல் ஏறிச் சப்பாத்துக் காலால் ஓங்கி மிதித்தார். கீழே நின்ற மனைவி அப்போதுதான் குடத்தோடு உள்ளே போயிருந்தாள். தட்டு பிட்டுப்போல உதிர்ந்தது. அவள் நின்ற இடத்தில் அவர் வந்து விழுந்தார். நான் தூக்கிவிட ஓடினேன். அவரோ தூசியைத் தட்டிக்கொண்டே, “கண்டி மழைக்கு எந்தச் சீமெந்தும் நிக்காதுங்க” என்றார். வெட்கம் என்பதை அவர் கேள்விப்பட்டதே இல்லை போலும்.

இப்போது வேறொருவர் வேலை செய்கிறார். பீப்பாயைத் திறந்ததும் மனைவி கையை விட்டுப் பார்க்கிறாள். கட்டி தட்டுப்பட்டால் பீப்பாய் திரும்பிப் போகும். அதற்கு விளக்கம் சொல்ல வாயெடுப்பவரும் கூடவே போகவேண்டியதுதான்.